உருகாத உப்பு

அறுபத்திரண்டு மணி நேரமாகக் குழாய் உப்புக்குள் மாட்டிக் கிடந்தது என்று டிஜோ அண்ணன் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பூசை முடிந்து வந்து மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டு ஊறுகாய்ப் பரணியில் சாய்த்து வைத்திருந்தாள். அன்று காலையில்தான் இனயம் கோவிலில் அண்ணனுக்கும் அபினாவுக்கும் இரண்டாவது ஓலை வாசித்திருந்தார்கள். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் பங்குச் சாமியார் மாப்பிள்ளை, பெண் பெயர்களை வாசிப்பார். தடை ஏதாவது அறிந்தவர்கள் வந்து சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று முடிப்பார். யாரும் போய் எதுவும் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை.

"ஆருக்காவது அடிபட்டுதா மக்கா?" அம்மா கேட்டாள்.

"ஆளுக்கு ஒண்ணும் இல்ல அம்மா. குழாய்தான். மூணு கிலோமீட்டர் ஆழத்துல."

அப்பா கிழங்கைப் பிட்டபடியே சொன்னார். "பாருல வல மாட்டுனா நாங்க அறுத்து விட்டுட்டு வருவோம். நீங்களும் அறுத்துட்டுப் போவ வேண்டியதுதானேலே."

அப்பா கபிரியேல் தேங்காய்ப்பட்டணத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போகிறவர். உலகத்தில் எது மாட்டிக்கொண்டாலும் அவருக்கு அது கடலடிப் பாறையில் மாட்டிய வலைதான்.

"குழாயை அறுத்தா கம்பெனிக்காரன் நம்மள அறுத்துருவான் அப்பா."

அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. "உப்பு அப்பிடியா புடிக்கும்?"

"புடிக்கும். உள்ள உருகிக் கெடக்குல்லா. அக்கானி காய்ச்சி எறக்குன பாகு மாதிரி. மேல வரச்சில ஆவி பறக்கும். கிட்ட நிக்க முடியாது. எம் பூட்சுல தெறிச்சு ஓட்டையே விழுந்துட்டு."

பதநீர்ப் பாகு கொதிப்பதைப் பார்த்திருக்கிற அம்மா நெற்றியில் சிலுவை போட்டாள்.

"பெபிகிட்ட கேளுங்க. அவதானே கல்லு படிச்சவ."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். என் வாயில் கிழங்கு இருந்தது. இல்லாவிட்டாலும் பேசியிருக்க மாட்டேன்.

நான் ஜியாலஜி எம்.எஸ்சி. முடித்து ஒரு வருஷம் ஆகிறது. இரண்டு நேர்முகத் தேர்வுக்குப் போனேன். கேள்விகளுக்குப் பதில் தெரிந்திருந்தது. பதில் வெளியே வருவதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது. வீட்டில் என் படிப்பைப் பற்றிப் பேசுகிற ஒரே ஆள் டிஜோ அண்ணன். ஓமானில் எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக்கில் வேலை. போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. அங்கே பாலைவனத்துக்கு அடியில் உப்புப் படுகை இருக்கிறது. நான் புத்தகத்தில் படித்ததன் மேலேயே என் அண்ணன் நிற்கிறான் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது. கொஞ்சம் பொறாமையும்.

சாயங்காலம் அபினா மைனி போன் செய்தாள். இன்னும் மைனி ஆகவில்லை. ஆனாலும் நிச்சயம் முடிந்த அன்றிலிருந்தே அப்படித்தான் கூப்பிடுகிறேன். தேங்காய்ப்பட்டணத்துப் பெண். மார்த்தாண்டத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன்.

"பெபி, அறுவத்திரண்டு மணி நேரம்னா அவரு ஒறங்கவே இல்லியா?"

"ஷிப்டு உண்டு மைனி."

"எங்கிட்ட ஷிப்டு பத்திச் சொல்லல்ல. பூட்ஸ் ஓட்டையானதத்தான் ரெண்டு மட்டம் சொன்னாரு."

மைனி அண்ணனுக்கு முன்னால் வந்த இரண்டு கல்ஃப் மாப்பிள்ளைகளை வேண்டாம் என்றவள். அவளுடைய அக்காள் புருஷன் குவைத்தில் இருக்கிறார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவார். போன தடவை வந்தபோது அவருடைய மகன் யாரோ வந்திருக்கிறார்கள் என்று கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டானாம். அதைப் பார்த்த அன்றே மைனி முடிவு செய்திருக்கிறாள். ரிக்கில் வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு மாசம் அங்கே, ஒரு மாசம் வீட்டில். அதற்காகத்தான் அண்ணனுக்குச் சம்மதித்தாள். நிச்சயத்தின்போது வீடியோவில் அண்ணனிடம் அதை எல்லோர் முன்னாலும் கேட்டாள். "ஒரு மாசம் அங்க, ஒரு மாசம் இங்க. அப்பிடித்தானே?" அண்ணன் தலையாட்டினான். "பின்ன ஏன் இதுவரைக்கும் வரல்ல?" என்று அவள் அக்காள் கேட்டபோது, "ஆள் கொறவு. லீவைச் சேத்து வெச்சிருக்கேன்" என்றான். எல்லோரும் கைதட்டினார்கள்.

அன்று அதில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. உப்பு ஒரு குழாயை எப்படிப் பிடிக்கிறது என்பதுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவுக்குச் சொல்லிப் புரிய வைக்க என்னால் முடியாது. செய்து காட்டலாம் என்று நினைத்தேன்.

பரணில் அண்ணனுடைய பழைய மீன்தொட்டி இருந்தது. அவன் பிளஸ் டூ படிக்கும்போது கலர் மீன் வளர்த்தது. இறக்கிக் கழுவினேன். பக்கத்து ஊரான கருங்கல்லில் நாட்டு மருந்துக் கடையில் வெங்காரம் வாங்கினேன். எதற்கு என்று கடைக்காரர் கேட்டார். வாய்ப்புண்ணுக்கு என்று சொல்லிவிட்டேன். மரவேலைக்குப் பயன்படுத்தும் வெள்ளைப் பசையில் வெங்காரத் தண்ணீரைக் கலந்து பிசைந்தால் வழுவழுவென்று ஒரு கட்டி வரும். குழந்தைகள் விளையாடுகிற ஸ்லைம் அதுதான். ஆய்வுக்கூடங்களில் இதற்குச் சிலிக்கோன் வைத்திருக்கிறார்கள். எனக்கு இது போதும்.

அந்தக் கட்டியைத் தொட்டியின் அடியில் பரப்பினேன். அது உப்பு. அதன் மேல் மணல். கிறிஸ்துமஸ் குடிலுக்குச் சாயம் ஏற்றிய மணல் சாக்கில் மிச்சம் இருந்தது. சிவப்பு ஒரு அடுக்கு, பச்சை ஒரு அடுக்கு, நீலம் ஒரு அடுக்கு. இரண்டு ஓரங்களிலும் கனமாகப் போட்டேன். நடுவில் மெலிதாக விட்டேன்.

அம்மா வாசலில் நின்று பார்த்தாள். "கல்யாண வீட்டுல வெள்ளை அடிக்க ஆளு தேடுகேன். இவ மண்ணு வெச்சு வெளயாடுகா. ஏட்டி, சின்னப் பிள்ளையாட்டி நீ?"

"உப்பு அம்மா. அண்ணன் சொன்னாம்லா."

"இது உப்பா? நக்கிப் பாக்கட்டா?"

"வேண்டாம் அம்மா. பசை."

"கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு," என்றுவிட்டுப் போனாள்.

முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. மணலின் மேற்பரப்பு நான் விட்டபடியே இருந்தது. மறுநாள் காலையில் பார்த்தபோது நடுவில் நீல மணல் கொஞ்சம் உப்பியிருந்தது. நகக்கண் அளவு. பக்கவாட்டுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஓரங்களில் வெள்ளை அடுக்கு மெலிந்திருந்தது. நடுவில் தடித்திருந்தது. கனமான மணல் ஓரங்களில் அமுங்கியதால் அதன் அடியில் இருந்தது நடுவுக்கு நகர்ந்து வந்திருக்கிறது. இதைப் படத்தில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். கண்முன்னால் நடக்கும்போது நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஓமானில் நடந்தது இதுதான். ஐம்பது கோடி வருஷங்களுக்கு முன்னால் அங்கே ஒரு கடல் ஒதுங்கி நின்றது. வெயிலில் வற்றியது. மறுபடி கடல் புகுந்தது. மறுபடி வற்றியது. மணக்குடிப் பக்கம் உப்பளங்களில் இன்றும் நடப்பதுதான். அங்கே வாரிக் குவிக்க ஆள் இல்லை, அவ்வளவே. உப்பு அடுக்கடுக்காகக் கிடந்தது. அதன் மேல் மணலும் சேறும் வந்து படிந்தன. மணலும் சேறும் புதையப் புதைய இறுகிக் கனக்கும். உப்பு அப்படி இறுகாது. ஓர் ஆழத்துக்குப் பிறகு மேலே இருப்பது கனம், அடியில் இருப்பது லேசு என்று ஆகிவிடும். மேல் சுமை எங்கே குறைவோ, எங்கே விரிசல் கண்டிருக்கிறதோ, அங்கே உப்பு ஏறத் தொடங்கும். சில இடங்களில் மலையளவு உயரத்துக்கு. ஈரானில் அது தரையையே துளைத்து வெளியே வந்து சரிவில் இறங்குகிறது.

எனக்கு எப்போதும் வியப்பாக இருப்பது வேறொன்று. கல்லுப்பைச் சுத்தியலால் அடித்தால் நொறுங்கும். அதே உப்பை நெடுங்காலம் அழுத்தினால் ஒழுகும். உப்பு மணிகளுக்கு நடுவே முடியை விட மெல்லிய ஈரம் உண்டு. அழுத்தம் கூடிய பக்கத்தில் மணி துளி கரையும். கரைந்தது அழுத்தம் குறைந்த பக்கத்தில் போய் ஒட்டும். மணிக்குள்ளேயும் அடுக்கின் மேல் அடுக்கு வழுக்கும். இப்படியே ஒரு மலை நகர்ந்துவிடும். கிணறு தோண்டினால் அந்த வெற்றிடத்தை நோக்கி உப்பு நான்கு பக்கமிருந்தும் நெருங்கும். ஓட்டை சுருங்கும். குழாய் மாட்டிக்கொள்ளும். இதற்குச் சூடு உதவும். ஆனால் உருக வேண்டியதில்லை.

உருக வேண்டியதில்லை என்று நினைத்தபோதுதான் அண்ணன் சொன்ன பாகு ஞாபகம் வந்தது.

உப்பு உருக எண்ணூறு டிகிரி வேண்டும். அண்ணனுடைய கிணற்றின் அடியில் நூறைச் சுற்றித்தான் இருக்கும். தோண்டும்போது உப்பு சிறு சிறு துணுக்காகச் சேற்றோடு மேலே வரும். சல்லடையில் தங்கும். கையில் எடுத்துப் பார்க்கலாம். பூட்சில் ஓட்டை விழாது. அண்ணனுக்குக் கதையைக் கொஞ்சம் ஊதிச் சொல்கிற பழக்கம் உண்டு. சின்ன வயசில் அவன் பிடித்த மீன் ஒவ்வொரு முறை சொல்லும்போதும் வளரும். இதுவும் அப்படித்தான் என்று விட்டிருப்பேன்.

ஆனால் அக்கானிப் பாகு என்னுடையது.

பி.எஸ்சி. மூன்றாம் வருஷம் வகுப்பில் செமினார் எடுக்க வேண்டியிருந்தது. உப்புக் குவிமாடங்கள் பற்றி. நின்று பேசுவதை நினைத்தாலே எனக்குக் காய்ச்சல் வந்தது. அண்ணன் அப்போது வேலை இல்லாமல் வீட்டில் இருந்தான். "எங்கிட்ட பேசிப் பாரு. நான் இருவது பேருன்னு நெனச்சுக்க" என்று கட்டிலில் உட்கார்ந்துகொண்டான். அவனிடம் மூன்று முறை ஒப்பித்தேன். பூமிக்குள்ளே உள்ள சூட்டில் உப்பு உருகி, அக்கானி காய்ச்சிய பாகு போல மேலே பொங்கி வருகிறது என்று சொன்னேன். பாகு என்ற இடம் நன்றாக இருக்கிறது என்று அண்ணன் பாராட்டினான். வகுப்பில் சார் அந்த இடத்தில்தான் நிறுத்தினார். "உருகுனா அது எரிமலைம்மா. உப்பு உருகுறதே இல்ல. திடமாவே நகருது. அதுதானே இதுல உள்ள அதிசயம்." எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை வீட்டில் சொல்ல விரும்பவில்லை. செமினார் எப்படி என்று அண்ணன் கேட்டதற்கு நன்றாக இருந்தது என்றேன்.

என் தவறு அவனிடமே தங்கிவிட்டது. இப்போது அதை ரிக்கில் கண்ணால் பார்த்ததாக அவன் சொல்கிறான்.

இரண்டு வருஷமாக அவன் உப்பைப் பற்றிச் சொன்ன ஒவ்வொன்றையும் யோசித்துப் பார்த்தேன். அதில் நான் அவனுக்குச் சொல்லாதது எதுவுமே இல்லை.

புதன்கிழமை சாயங்காலம் கடலோரக் கற்சுவர்ப் பக்கம் போனேன். வலை உலர்த்துகிறவர்கள் போய்விட்டிருந்தார்கள். அண்ணனுக்கு இடைவேளை நேரம். கூப்பிட்டேன்.

"ஏட்டி, நீயா கூப்பிடுக? பூமி திரும்பிச் சுத்துதா?"

"அண்ணா, உப்பு என்ன நெறம்?"

"எந்த உப்பு?"

"கெணத்துல வருதுல்லா. சல்லடையில."

"வெள்ள. உப்பு பின்ன என்ன நெறம்?"

"உருகியா வருது?"

"அதுதான் சொன்னேம்லா. பாகு மாதிரி."

"அது நான் சொன்னது அண்ணா. செமினாருக்கு. அது தப்பு. சார் கிளாசுல வெச்சுத் திருத்துனாரு. உங்கிட்ட வந்து சொல்லல்ல."

அவன் பின்னால் எப்போதும் கேட்கிற சத்தம் கேட்டது. தடதடவென்று ஒரு சுற்று. அம்மா அதை ரிக்கின் பம்பு என்று எல்லோரிடமும் சொல்வாள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இப்போது கவனித்துக் கேட்டேன். கொஞ்ச நேரம் ஓடியது. நின்றது. பிறகு எதிர்ப்பக்கம் ஓடியது. பம்பு எதிர்ப்பக்கம் ஓடாது.

"அது வாஷிங் மெஷினா அண்ணா?"

குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான். "பெரிசு. ஒரு மட்டத்துக்கு அம்பது உடுப்பு போடலாம்."

நான் கல்லில் உட்கார்ந்தேன்.

"ஏஜென்டு ரிக்குன்னுதான் சொன்னான். வந்து எறங்குனா கேம்பு. லாண்டரி. ரிக்கும் கேம்பும் ஒரே வேலிக்குள்ளதான் கெடக்கு. மொத நாளு அம்மாட்ட ரிக்குல இருக்கேன்னு சொன்னேன். அது பொய்யில்லல்லா. மறுநாளு அம்மா கோவிலுக்குப் போய் ஊரு பூராச் சொல்லிட்டா. பெறவு எப்பிடிட்டி மாத்த?"

"குழாய் மாட்டுனது?"

"அது நெசம். அறுவத்திரண்டு மணி நேரம் ஒரு உடுப்பு வரல்ல. ஒருத்தனும் கழத்தல்ல. பெறவு எல்லாம் சேந்து வந்துச்சு. முட்டியில எல்லாம் உப்பு பூத்து, பேன்டு தானா நிக்குது."

"வெள்ளையா?"

"இல்ல. சாம்பல் மாதிரி." அவன் நிறுத்தினான். பிறகு சிரித்தான். "ஏட்டி, இப்பமும் நீ உப்பத்தான் கேக்குதியா?"

"குழாயை எப்பிடி எடுத்தாங்க?"

"நல்ல தண்ணி உள்ள விட்டாங்களாம். உப்பு கரைஞ்சு குழாயை விட்டுட்டுன்னு மெஸ்ஸுல பேசிக்கிட்டானுவ."

"அது செரிதான்."

"அப்பம் ஒண்ணாவது செரியாச் சொல்லிருக்கேன்."

அலை கல்லில் அடித்துத் திரும்பியது. கேட்க வேண்டியதை இன்னும் கேட்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது. அவனுக்கும் தெரிந்திருந்தது.

"லீவு?"

"ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா."

"மைனி அதுக்காகத்தான் சம்மதிச்சாங்க."

"தெரியும். மூணாவது ஓலையும் வாசிக்கட்டும். கல்யாணம் முடியட்டும். நானே பையச் சொல்லிக்கிடுதேன். அதுக்குள்ள ரிக்குல வேல கேட்டுப் பாக்கேன். கெடச்சாலும் கெடைக்கும்."

"கெடைக்கலேன்னா?"

மெஷின் மறுபடி திசை மாறியது.

"சனிக்கிழமைக்குள்ள சொல்லு அண்ணா."

"சொல்லுதேன். நீ ஆருட்டயும் பறையாத. நீ எங்க பறைய? உங்கிட்ட சொன்னா கல்லுக்கிட்ட சொன்ன மாதிரி."

அதில் கேலி இல்லை. நம்பிக்கைதான் இருந்தது. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

வியாழக்கிழமை அண்ணன் 'நாளைக்கு' என்று செய்தி அனுப்பினான். வெள்ளிக்கிழமையும் அதையே அனுப்பினான். வீட்டில் வெள்ளையடிக்கத் தங்கையன் என்பவரும் இன்னொருவரும் வந்தார்கள். தொட்டியை என் அறைக்குள் கொண்டுபோகும்படி அம்மா சொன்னாள். அசைத்தால் அடுக்கு கலைந்துவிடும் என்றேன். தங்கையன் சிரித்துக்கொண்டே தொட்டியைச் சுற்றிப் பழைய சேலையைப் போர்த்திவிட்டு வெள்ளையடித்தார்.

வெள்ளி சாயங்காலம் சேலையை எடுத்தபோது நடுவில் நீல மணல் வெடித்திருந்தது. வெடிப்பின் அடியில் பச்சை தெரிந்தது. பச்சையின் நடுவே ஒரு வெள்ளைப் புள்ளி. நாங்கள் யாரும் பார்க்காத நேரத்தில் அது மூன்று அடுக்கையும் தாண்டி வந்திருந்தது. ஓரங்களில் மணல் அடித்தரையில் உட்கார்ந்துவிட்டது. அங்கே வெள்ளை மிச்சமே இல்லை.

அப்பா குனிந்து பார்த்தார். "அடியில உள்ளது மேல வந்துட்டே. ஆரு தள்ளுனா?"

"மேல உள்ள மண்ணுதான் அப்பா."

"மேல உள்ளது கீழ தள்ளும். கீழ உள்ளது மேல வருமா?" யோசித்தார். பிறகு, "வரும். பின்ன அது எங்க போவும்?" என்று அவரே சொல்லிக்கொண்டு குளிக்கப் போனார்.

சனிக்கிழமை மத்தியானம் ட்யூட்டி முடிந்து அபினா மைனி வந்தாள். அம்மாவோடு மந்திரகோடிக்கு நிறம் பார்க்க வேண்டும். சாமியார் பலிபீடத்தில் மந்திரித்துக் கொடுக்கிற கல்யாணச் சேலை அது. மாப்பிள்ளை வீட்டில்தான் எடுக்க வேண்டும். அம்மா துணி சாம்பிள்களைக் கட்டிலில் பரப்பினாள். மைனி அவற்றை ஒரு பார்வை பார்த்தாள்.

"காலையில அவரு போன் பண்ணுனாரு. அரக்கு நெறம் வேணுமாம். நான் மயில் கழுத்து சொன்னேன். அரமணி நேரம் அதே பேச்சுதான்."

"வேற ஒண்ணும் சொல்லல்லியா மைனி?" நான் கேட்டேன்.

"வேற என்ன சொல்ல? அரக்கு, அரக்குன்னு அரக்கிக்கிட்டே இருந்தாரு."

அம்மா சிரித்துக்கொண்டே தேயிலை போடப் போனாள். மைனி என்னோடு அறைக்குள் வந்தாள். தொட்டியைப் பார்த்ததும் கைப்பையைக் கீழே வைத்தாள்.

"இதுதானா அந்த உப்பு? அத்தை போன்ல சொன்னாங்க. எம் மவள மாதிரி வாய் தெறக்காத ஒண்ணு மண்ணுக்குள்ள கெடக்குன்னு." குந்தி உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரியில் மைக்ராஸ்கோப்பைப் பார்க்கிறவள் பார்ப்பதுபோல ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "சளி சாம்பிள் மாதிரி இருக்கு பெபி."

"தொட்டுப் பாக்கியளா?"

மிச்சம் இருந்த கட்டியைக் கொடுத்தேன். வேகமாக இழுக்கச் சொன்னேன். பட்டென்று அறுந்தது. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சும்மா இருக்கச் சொன்னேன். இருந்தாள். கொஞ்ச நேரத்தில் அது விரலிடுக்கில் வழியத் தொடங்கியது.

"ஒரே சாதனம்தானே," என்றாள்.

"ஒரே சாதனம்தான். அவசரப்படுத்துனா ஒடையும். பைய விட்டா ஒழுகும். உப்பும் அப்பிடித்தான். அது ரொம்பப் பைய. நம்ம நகம் வளருத வேகம்கூட இருக்காது."

நான் இவ்வளவு பேசியதை அவள் கவனித்தாள். சிரிக்கவில்லை. தொட்டியின் பக்கவாட்டில் போய்ப் பார்த்தாள். சிவப்பு அடுக்கு எப்படி நிமிர்ந்திருக்கிறது, ஓரத்தில் மணல் எப்படிக் கிண்ணம் மாதிரி அமுங்கியிருக்கிறது என்று விரலால் கண்ணாடியில் வரைந்தாள். சரியாக வரைந்தாள்.

"இதுக்கு அடியில சூடு எங்க வெச்ச?"

"சூடு வைக்கல்ல."

"பின்ன எப்பிடி உருகுச்சு?"

"உருகல்ல மைனி. கட்டியாத்தான் இருக்கு. உப்பும் அங்க உருகாது."

மைனி கையிலிருந்ததைத் திரும்ப உருட்டினாள். "அவரு எங்கிட்டயும் பாகுன்னுதானே சொன்னாரு. ஆவி பறந்துச்சுன்னு. பூட்ஸ் ஓட்டையாச்சுன்னு." என்னைப் பார்த்தாள். "அப்பம் அவரு பாத்தது என்ன?"

அடுக்களையில் அம்மா சீனி டப்பாவைத் திறக்கும் சத்தம் கேட்டது. பதில் எனக்குத் தெரிந்திருந்தது. எப்போதும் அது நின்றுவிடுகிற இடம்தான். இந்த இடத்தில்தான் அடுத்த கேள்வி வரும். நான் தப்பித்துவிடுவேன்.

அடுத்த கேள்வி வந்தது. அதையும் அவளே முடித்துவிட்டாள். "உன்ன மாதிரி படிச்சவரு இல்லியே. தெரியாமச் சொல்லிருப்பாரு, இல்லியா?"

ஆமாம் என்று தலையாட்டினால் போதும். கழுத்து அசைவதற்குத் தயாராகக்கூட இருந்தது.

"போவட்டும்," என்றாள் மைனி. கட்டியை என் கையில் வைத்துவிட்டு எழுந்தாள். "வரட்டும், நேர்ல வெச்சுக் கேக்கேன். இனி ஒண்ணுவிட்டு ஒரு மாசம் வீட்டுலதானே இருப்பாரு. எங்க போயிருவாரு?"

அவள் கைப்பையை எடுத்தாள். தொட்டியில் வெடிப்பின் ஓரத்திலிருந்து கொஞ்சம் நீல மணல் சரிந்து வெள்ளையின் மேல் விழுந்தது. அம்மா தேயிலையோடு வாசலுக்கு வந்துவிட்டாள். நாளைக் காலை எட்டு மணிப் பூசை. சாமியார் மூன்றாவது முறையாகத் தடை பற்றிய அந்த வாசகத்தைப் படிப்பார். நான் பெண்கள் பக்கத்தில் நான்காவது வரிசையில் உட்கார்ந்திருப்பேன்.

"மைனி," என்றேன்.

இருவரும் நின்றார்கள்.

"டிஜோ அண்ணன் அந்த உப்பப் பாத்ததே இல்ல. அவன் ரிக்குல இல்ல. கேம்பு லாண்டரியில உடுப்பு வெளுக்கான். ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கத்தான் வீட்டுக்கு வருவான்."